மலைக்கு ஒரு மழைமானி போதாது

நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில் வட்டவளையைத் தாண்டினால் றொசல்ல. ஜூன், ஜூலை மாதங்களில் அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி: வட்டவளையில் ரயில் பெட்டியின் சட்டர்களை இறக்கிவிட்டு உட்கார வேண்டியிருக்கும், அப்படிக் கொட்டும். றொசல்லையில் கொஞ்சம் தணியும். அட்டனையும் தாண்டிக் கொட்டகலைக்குப் போனால் பல நாட்களில் தூறல்தான். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நுவரெலியாவில் ஏறத்தாழ 1,900. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் 30 கிலோமீற்றர்கூட இல்லை.

காரணம் மலையின் நிற்பில் இருக்கிறது. கடலில் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் தென்மேற்குக் காற்று, தாழ்நாட்டைக் கடந்ததும் கினிகத்தேனை, வட்டவளைச் சரிவுகளில் முட்டுகிறது. முட்டிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏற ஏற அது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் அவ்வளவு நீராவி தங்காது. ஆகவே முதல் சரிவிலேயே பெரும்பகுதி மழையாக இறங்கிவிடுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்குகளுக்கு மீதிதான். வடகிழக்குப் பருவத்தில் கதை மாறும். அப்போது பதுளைப் பக்கம் நனையும், இந்தப் பக்கம் ஓரளவு ஓயும்.

இப்படி ஒவ்வொரு மலைக்கும் ஒரு கணக்கு இருக்கும் நாட்டில், மழையை எத்தனை இடத்தில் அளந்தால் போதும்? வானிலையையும் சுற்றாடலையும் நீண்டகாலம் கண்காணிக்கத் திட்டமிடுகிறவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது. உலக வானிலை அமைப்பின் நீரியல் வழிகாட்டி குறைந்தபட்ச எண்ணிக்கைகளைத் தருகிறது. மலைப்பகுதிகளில் 250 சதுர கிலோமீற்றருக்கு ஒரு மழைமானி, மலைகள் நிறைந்த சிறு தீவுகளில் 25 சதுர கிலோமீற்றருக்கு ஒன்று, நகரங்களில் 10 முதல் 20 சதுர கிலோமீற்றருக்கு ஒன்று. நுவரெலியா மாவட்டத்தின் பரப்பு 1,741 சதுர கிலோமீற்றர். முதல் அளவுகோலை எடுத்தால் ஏழு மானிகள் போதும். இரண்டாவதை எடுத்தால் எழுபது வேண்டும். இலங்கையைச் சிறு தீவு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மழை பாதிக்குப் பாதி மாறிப்போகும் சரிவுக்கு எழுபதுதான் நியாயமான கணக்கு என்பேன்.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். எழுபதையும் ஊர் ஊராகச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தால் பயனில்லை. மழை ஒரே சீராகப் பெய்கிற பரந்த பள்ளத்தாக்குக்கு இரண்டு போதும். மழை சட்டென்று மாறும் இடத்தில்தான் நெருக்கமாக வைக்க வேண்டும். அந்த வகையில் றொசல்ல ஒரு முக்கியமான இடம். வட்டவளை எண்ணையும் அட்டன் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து றொசல்லைக்கு மழை எழுதினால் அது வெறும் ஊகம். வகுத்து எழுதிய அந்த எண்ணை நம்பித்தான் கீழே மகாவலியில் எவ்வளவு நீர் வரும் என்பதையும், மேலே எந்தச் சரிவு ஊறியிருக்கிறது என்பதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அட்டன் மேட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி மகாவலிக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து களனிக்குப் போகிறது. ஒரே மேட்டின் இரு பக்கங்கள் இரண்டு பெரிய ஆறுகளுக்குக் கணக்கு எழுதுகின்றன.

நல்ல செய்தி என்னவென்றால், மலையகத்தில் இந்த வலையமைப்புக்கான எலும்புக்கூடு ஏற்கனவே இருக்கிறது. தோட்டங்களில் மழை அளப்பது கோப்பிக் காலத்திலிருந்து வரும் பழக்கம். இலங்கையில் ஒழுங்கான வானிலை அவதானிப்பு 1860களின் இறுதியில் நில அளவைத் திணைக்களத்தின் கீழ் தொடங்கியது. கொழும்பு அவதான நிலையம் 1907இல் வந்தது. அரசு நிலையங்கள் நகரங்களில் இருந்தன. மலைகளின் மடிப்புகளுக்குள் மழையை அளந்தவை பெரும்பாலும் தோட்ட ஆபிஸ்களே. உரம் போட மழை தெரிய வேண்டும், கொழுந்து எவ்வளவு வரும் என்று கணக்கிட மழை தெரிய வேண்டும். அதனால் துரைமார் அளந்தார்கள். உண்மையில் மானியை வாசித்தவர்கள் கிளாக்கரும் ஆபிஸ் பையனும்தான்.

அந்த மானியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் எவ்வளவு ஒழுங்கு தேவை என்பது புரியும். பிரித்தானியர் பரப்பிய மாதிரி ஒரு செப்பு உருளை. வாய் ஐந்து அங்குலம். பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். விளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிறிதும் சாயாமல் இருக்க வேண்டும். உள்ளே புனல், புனலுக்குக் கீழே போத்தல். காலை எட்டரைக்குப் போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நீர்மட்டம் ஓரங்களில் மேலேறி நடுவில் குழிந்திருக்கும் அந்தக் குழியின் அடியை வாசிக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு தப்பும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். ஆகவே குவளையில் ஒரு கோடு தப்பினால், ஒரு தோட்டத்தின் பரப்பில் அது இலட்சக்கணக்கான லீற்றர்.

இன்னும் நுணுக்கமான பிசகுகளும் உண்டு. இன்று காலை அளந்தது நேற்றுக் காலையிலிருந்து பெய்த மழை. அதை நேற்றைய திகதியில் எழுதுவதா, இன்றைய திகதியிலா? ஒரு தோட்டம் ஒரு மாதிரியும் பக்கத்துத் தோட்டம் இன்னொரு மாதிரியும் எழுதினால், ஒரே புயல் இரண்டு நாட்களில் அடித்ததுபோல் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆபிஸ் பூட்டியிருந்தால் திங்கட்கிழமை இரண்டு நாள் மழை ஒன்றாக விழும். நிழலுக்கு வைத்த கிரவிலியா மரம் பத்து வருடத்தில் உயர்ந்து மானியை மறைக்கும். சுற்றியுள்ள எதுவும் தன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. மரம் வளர்ந்தது யாருக்கும் தெரியாது, புத்தகத்தில் மட்டும் மழை குறையும்.

இங்கேதான் ‘நீண்டகாலம்’ என்ற சொல்லின் கனம் தெரிகிறது. ஓர் இடத்தின் காலநிலையைச் சொல்ல 30 ஆண்டுகளின் சராசரியை எடுப்பது உலக வழக்கம்; இப்போது பயன்படுத்தப்படுவது 1991 முதல் 2020 வரையான காலம். மாற்றத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நீண்ட தொடர் வேண்டும். நுவரெலியாவின் மழை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குறைந்து வந்திருப்பதைப் புவியியலாளர் மத்தும பண்டார 1980களில் எடுத்துக்காட்டினார். நூறு வருடம் யாரோ ஒவ்வொரு காலையும் போத்தலைத் தூக்கி அளந்திருக்காவிட்டால் அப்படி ஒரு முடிவுக்கே வந்திருக்க முடியாது. அதே நேரம், மழைதான் குறைந்ததா, மானியின் சூழல் மாறியதா என்று பிரித்தறிய, மானி எங்கே இருந்தது, எப்போது நகர்த்தப்பட்டது, பக்கத்தில் என்ன கட்டினார்கள் என்ற குறிப்புகள் வேண்டும். எண்களைவிட இந்தக் குறிப்புகள்தான் முதலில் தொலைகின்றன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. நிர்வாகம் மாறும் ஒவ்வொரு முறையும் அலுமாரிகள் காலியாகின்றன. பழைய புத்தகங்களுக்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை.

மழையோடு வேறு சிலவற்றையும் அளக்க வேண்டும் என்பதற்குத் தேயிலையே சாட்சி. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்து இளம் கொழுந்தைத் தாக்கியபோது, எப்போது மருந்து தெளிப்பது என்பது பெரிய பிரச்சினையாயிற்று. அந்த நிறுவனத்தில் விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் மழையையும் வெயில் நேரத்தையும் நோயோடு பொருத்திப் பார்த்து 1961இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் வெயில் நேரத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. இலை காயாத நாட்கள் தொடர்ந்தால் பூஞ்சணம் பரவும். வெயில் நேரத்தை அளந்த கருவி எளிமையானது: ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் ஒரு அட்டைத் துண்டு. வெயில் அடித்தால் உருண்டை ஒளியைக் குவித்து அட்டையில் கருகிய கோடு இழுக்கும். மேகம் மறைத்தால் கோடு அறுபடும். மாலையில் கருகிய நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் கணக்கு. எதை அறிய விரும்புகிறோம் என்ற கேள்வி தெளிவாக இருந்ததால், கண்ணாடி உருண்டை ஒன்று தோட்டத்துக்கு மருந்துச் செலவை மிச்சப்படுத்தித் தந்தது.

ஆனால் இன்று மலையகத்தில் மழைமானியின் முதல் வேலை உயிர் காப்பது.

சரிவில் மண் நிற்பது துகள்களுக்கு இடையே உள்ள உராய்வால். நாள் கணக்கில் பெய்யும் மழை உள்ளே இறங்கித் துகள்களின் இடைவெளிகளை நிரப்புகிறது. நிரம்பிய நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். உராய்வு குறையும், எடை கூடும், ஒரு கட்டத்தில் சரிவு தாங்காது. 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் ரயில் பாதையையும் இழுத்துக்கொண்டு நிலம் நகர்ந்தபோது, பொறியியலாளர்கள் செய்த முக்கியமான வேலை நிலத்துக்குள் இருந்த நீரை வடித்து வெளியேற்றியதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையின் அளவையே பிடிமானமாக வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும்.

இந்த எண்களைத் தோட்டத் தொழிலாளர் வாழும் ஒரு லயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். காலை எட்டரைக்கு மட்டும் வாசிக்கும் மானி, இரவு முழுக்கக் கொட்டியதைக் காலையில்தான் சொல்லும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தது காலை எட்டு மணி ஆகும் முன்பே. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுகள்தான் பெரும் அழிவைச் செய்தன. இவ்வளவு நடந்த பிறகும் பல லயங்களுக்கு மேலே உள்ள சரிவில் மணிக்கு மணி மழை சொல்லும் ஒரு கருவிகூட இல்லாதிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மணிக்கு மணி சொல்ல வேண்டுமென்றால் தானியங்கி மானி வேண்டும். அதன் உள்ளே ஏறி இறங்கும் பலகை போல் இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்றில் 0.2 மில்லிமீற்றர் மழை நிறைந்ததும் அது கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு மின்துடிப்பாகப் பதிவாகி, கைபேசி வலையமைப்பு வழியாகப் போய்ச் சேரும். நல்ல கருவிதான், ஆனால் அதற்கும் பலவீனம் உண்டு. அடைமழையில் கிண்ணம் கவிழும் அந்தக் கண நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. ஆகவே எப்போது துல்லியம் மிகவும் தேவையோ அப்போது குறைத்துக் காட்டும். புனலில் இலை அடைத்துக்கொண்டால் மழையே பெய்யவில்லை என்று சொல்லும். குளவி கூடு கட்டும். பல நாள் மூடுபனியில் சூரியத்தகடு மின்கலத்தை நிரப்பாது. புயலில் சிக்னல் கோபுரம் விழுந்தால் கருவி அளந்துகொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. கேரளத்தின் மூணாறு பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6 இரவு லயங்களின் மேல் மலை சரிந்து 70 தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் இறந்தபோது, செய்தி வெளியுலகுக்கு எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. அதனால் ஒவ்வொரு தானியங்கி மானிக்குப் பக்கத்திலும் பழைய செப்பு மானி ஒன்றும், அதைப் பார்க்க ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

வயநாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் விவசாயிகளையும் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டு 200க்கு மேற்பட்ட இடங்களில் மழையை அளக்கிறது. பெரும்பாலானவை சாதாரண மானிகள். வீட்டுக்காரர் காலையில் பார்த்துக் கைபேசியில் அனுப்புகிறார். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிவதற்கு முந்தைய நாளே, அருகில் இருந்த புத்துமலை மானியின் அளவைப் பார்த்து அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தது. அளவீடு சரியாக இருந்தது, விளக்கமும் சரியாக இருந்தது. எச்சரிக்கைக்கும் மக்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கும் இடையில் இருந்த பாலம்தான் இல்லை. வலையமைப்பைத் திட்டமிடும்போது கடைசிக் கம்பி எங்கே முடிகிறது என்பதையும் வரைந்தாக வேண்டும். கொழும்பில் ஒரு திரையில் முடிந்தால் போதாது. தோட்டத்துத் தலைவருக்கும், பிள்ளைக் காம்பிராவில் இருக்கும் அம்மாவுக்கும், லயத்துப் பெடியன்களின் கைபேசிக்கும் தமிழில், அதே மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 150 என்று மானி காட்டினால் எந்தப் பாதையால் எந்தக் கட்டிடத்துக்குப் போவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டி, காலையில் முந்தைய மூன்று நாள் மழையைக் கூட்டி எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும், ஏனென்றால் சரிவு ஒரு நாள் மழையை மட்டும் கணக்கு வைப்பதில்லை.

நகரங்களுக்கு இந்த விஷயம் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். சென்னையில் 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர் பெய்தது, நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே நகரம், ஒரே நாள். 1790களிலேயே வானிலைப் பதிவு தொடங்கிய ஊர் அது, ஆனால் அடையாற்று நீர் எங்கே ஏறும் என்று சொல்ல ஒன்றிரண்டு பழைய நிலையங்கள் போதவில்லை. நகரத்தில் வெப்பமும் தெருவுக்குத் தெரு மாறும். இலண்டன் தன் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதை லூக் ஹவர்ட் 1810களில் நாள்தோறும் அளந்தே காட்டினார். அட்டன் சின்ன நகரம்தான். ஆனால் குறுகிய மேட்டில் பஸ் நிலையமும் கடைகளும் நெருங்கி, வாகனப் புகை தங்கும் ஊர். அங்கே கருவியைப் பஸ் நிலையத்தின் நடுவில் வைத்தால் மக்கள் சுவாசிக்கும் காற்றை அறியலாம், காலநிலையை அறிய முடியாது. பாடசாலை மைதானத்தில் வைத்தால் நேர்மாறு. எதற்காக அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் இடம் கிடைத்த கூரையில் கருவியைப் பொருத்துவது, காசைக் கொட்டித் தவறான எண்ணை வாங்குவதாகும்.

காசு என்றதும் எல்லோரும் கருவியின் விலையைப் பார்க்கிறார்கள். ஒரு திட்டம் மூன்று வருடத்துக்கு வரும். கருவிகள் பொருத்தப்படும், திறப்பு விழா நடக்கும். நான்காவது வருடம் மின்கலத்தை மாற்ற ஆள் இருக்காது. முப்பது வருடத் தொடர் வேண்டுமென்றால் முதல் வரவு செலவிலேயே முப்பது வருடப் பராமரிப்பு எழுதப்பட வேண்டும்: மாதம் ஒருமுறை புனல் துடைக்க, வருடம் ஒருமுறை அளவு சரிபார்க்க, வாசிக்கிறவருக்கு ஒரு படி கொடுக்க. கருவியை மாற்றும்போது பழையதையும் புதியதையும் குறைந்தது ஒரு வருடமாவது, முடிந்தால் இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மழை மாறியதா மானி மாறியதா என்ற கேள்வி என்றைக்கும் தீராது.

புதிய மானிகள் வருவதற்குள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டு ஊரடங்கில், ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹோக்கின்ஸ் பழைய மழைப் பதிவேடுகளின் 65,000 பக்கங்களை இணையத்தில் போட்டார். வீட்டிலிருந்த 16,000 பேர் சில வாரங்களுக்குள் அவற்றிலிருந்த 52 இலட்சம் அளவுகளைத் தட்டச்சு செய்து முடித்தார்கள். நம் தோட்ட ஆபிஸ்களின் அலுமாரிகளில் இன்னும் கறையான் தொடாத மழைப் புத்தகங்கள் எத்தனையோ இருக்கக்கூடும். வட்டவளையிலிருந்து நானுஓயா வரை பாதையோரத் தோட்டங்களின் புத்தகங்களைக் கைபேசியில் படமெடுத்து, அட்டன் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், மலையகத்து மழையின் நூறு வருடத்தை அவர்களால் மீட்டுத்தர முடியும். படமெடுக்கும்போது மூன்று விஷயங்களை மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்: அளவு அங்குலத்திலா மில்லிமீற்றரிலா, வாசித்த நேரம் என்ன, அந்த வருடம் மானி எந்த நம்பர் மலையில் இருந்தது. கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற கிளாக்கர்மார். அவர்களிடம் முதலில் போக வேண்டும்.